காரைக்காலுக்குப் பக்கத்து இரைச்சல்

தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30-க்குப் பிறகு, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் எங்கள் தெருவில் பல இரவு கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் பேட்டரி ரேடியோவும் கையுமாக உட்கார்ந்து காரைக்கால் பண்பலையைத் தேடுவேன். முள் 100.3-ஐத் தாண்டினால் வெறும் இரைச்சல். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். அந்த இரைச்சலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

பெருவெடிப்பு, அப்புறம் கேலக்ஸிகள். இப்படித்தான் பாடத்தை முடிப்பேன். நடுவில் பல கோடி ஆண்டுகளை, அந்த இரைச்சலில் ஒரு துளி பிறந்த காலத்தை, விழுங்கிவிடுவேன். பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து, சூடு மூவாயிரம் டிகிரி அளவுக்கு இறங்கியபோது எலெக்ட்ரானும் புரோட்டானும் கூடி ஹைட்ரஜன் ஆயின; அடைபட்டுக் கிடந்த ஒளிக்கு வழி பிறந்தது. பிறகு நட்சத்திரமே இல்லாத இருட்டு. எங்கும் ஹைட்ரஜன், கொஞ்சம் ஹீலியம். சற்றே அடர்ந்திருந்த இடங்கள் மேலும் மேலும் வாயுவை இழுத்துக்கொண்டன. முதல் நட்சத்திரங்கள் எரிய பத்து இருபது கோடி ஆண்டு பிடித்தது.

அந்த ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலையை உமிழும், விழுங்கவும் செய்யும். பிரபஞ்சம் விரிய விரிய அலையும் நீண்டு, நம்மிடம் வரும்போது பண்பலை வரிசைக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடுகிறது. காரைக்கால் பாடுகிற அதே 100.3-ல், பிரபஞ்சத்துக்கு 33 கோடி வயது நடந்த காலத்து ஹைட்ரஜனும் முனகிக்கொண்டிருக்கிறது. பால்வீதியின் இரைச்சல் அதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. அதற்கு மேல் சினிமாப் பாட்டு வேறு.

இன்னும் முந்தைய காலம் 78 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அங்கே அலையின் வலிமையில் ஒரு பள்ளம் தெரிகிறது, முதல் நட்சத்திர ஒளி பட்டதும் ஹைட்ரஜன், அன்று வழி பிறந்த ஒளியின் மிச்சமான பின்னணி அலையை விழுங்கிய தடம் அது என்று 2018-ல் எட்ஜஸ் என்ற அமெரிக்கக் குழு அறிவித்தது. கருவி இருந்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில். பள்ளமோ எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கும் மேல் ஆழம். காரணம் தேடிக் கரும்பொருள் வரை போனார்கள்.

பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தார் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. சராஸ்-3 என்ற ஆன்டெனாவைத் தெப்பத்தில் ஏற்றி, 2020 தொடக்கத்தில் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள். மண் அடுக்குக்கு அடுக்கு ஈரம் மாறும்; அது திருப்பி அனுப்பும் அலையும் தாறுமாறாக இருக்கும்; அதுவே பொய்ப் பள்ளம் காட்டிவிடலாம். ஏரித் தண்ணீரில் அந்த வம்பு கிடையாது. சௌரப் சிங், ரவி சுப்ரமணியன் குழுவின் முடிவு 2022-ல் வந்தது. எட்ஜஸ் சொன்ன பள்ளம் இல்லை, 95.3 சதவீத உறுதி.

மார்கழி தரிசனம் நெருங்கினால் செர்ன் இயற்பியல் ஆய்வக வளாகத்தில் நடராசர் நிற்கும் படம் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்து குவியும். 2004-ல் இந்திய அரசு தந்த சிலை, அழகுதான். கூடவே 'அன்றே சொன்னார்கள்' என்று ஒரு வால். தெப்பத்தின் படத்தை இதுவரை ஒருவரும் அனுப்பவில்லை. 'இல்லை' என்று நிரூபித்ததில் என்ன பெருமை என்று நினைக்கிறார்கள் போலும். அதுவும் நடராசர் கோயிலில் திரை விலகி வெட்டவெளியைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடிக்கும் ஊரில்.

பிளஸ் டூ பிள்ளைகள் கையில் ஒரு பழைய ரேடியோவைக் கொடுத்து, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கலாம். நான் செய்யத் தவறியது அது.

நம் வீராணத்தில் ஒரு தெப்பம் விட்டால் என்ன என்றும் யோசித்தேன். ஏரி தாராளம்; பண்பலைக்காரர்கள் விடமாட்டார்கள். ராமன் நிறுவனத்தார் அடுத்து பிரதுஷ் என்ற கருவியை நிலவைச் சுற்ற அனுப்பத் திட்டம் வைத்திருக்கிறார்கள். நிலவின் மறுபக்கத்தில் காரைக்கால் எடுக்காது.