காங்கேசன்துறை வலயம்: 'உள்ளூரவர்' என்றால் யார்?



காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களிலும் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்ததிலிருந்து ஊரில் இரண்டு விதமான கதை நடக்கிறது. "இனி எங்கட பிள்ளைகள் கனடாவுக்கும் கட்டாருக்கும் போகத் தேவையில்லை" என்கிறார்கள் சிலர். "இதுவும் காணி பிடிக்கிற வேலைதான்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பையும் நாம் குறை சொல்லப் போவதில்லை. இரண்டுக்கும் எமது அனுபவத்திலேயே காரணம் இருக்கிறது. ஆனால் வேண்டுமா வேண்டாமா என்று நாம் கதைத்துக்கொண்டிருக்க, என்ன நிபந்தனையில் அது வருகிறது என்ற கேள்வியை எவரும் கேட்காமலே காரியம் முடிந்துவிடும். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் வலயம் என்றால் என்ன என்று பார்ப்போம். தீர்வையற்ற துறைமுகம், சுதந்திர வர்த்தக வலயம், முதலீட்டு வலயம் என்று பல பெயர்கள். விதிகளில் வேறுபாடு இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். நாட்டுக்குள் ஒரு துண்டு நிலத்தை வேலி போட்டுப் பிரித்து, சுங்கக் கணக்கில் அதை நாட்டுக்கு வெளியே உள்ள இடம்போல வைத்துக்கொள்வார்கள். மூலப்பொருள் தீர்வை கட்டாமல் உள்ளே வரும். அதைத் தைத்தோ, பொருத்தியோ, பொதிசெய்தோ வெளிநாட்டுக்கு அனுப்பினால் தீர்வை இல்லை. வேலி தாண்டி உள்நாட்டுச் சந்தைக்கு வந்தால்தான் தீர்வை. அதோடு சில வருடங்களுக்கு வருமான வரி விலக்கும் கொடுப்பார்கள். 2008 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டத்தின் கீழ் இந்த விலக்கு 25 வருடம் வரை போகலாம்.

இந்தச் சலுகைக்கும் காசு கொடுப்பது நாம்தான். 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் பெறுமதி சேர் வரி கட்டுகிறோம். பிள்ளை கடையில் வாங்கும் பிஸ்கட் பக்கற்றின் விலைக்குள்ளும் அது இருக்கிறது. ஒரு கம்பனிக்கு விட்டுக்கொடுக்கும் வரியை வேறு யாரோ கட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே அதற்குப் பதிலாக எமக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதை அபிவிருத்திக்கு எதிரான பேச்சு என்று எவரும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு எமக்குப் புதிதும் இல்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் கொழும்புச் சந்தையை ஆண்டன. கல்வீடு கட்டியவர்களும், பிள்ளையைப் படிப்பித்தவர்களும் அந்தத் தோட்டக் காசில்தான் செய்தார்கள். 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. மலிவான மிளகாயும் வெங்காயமும் கப்பலில் வந்தன, எமது தோட்டங்கள் விழுந்தன. அதே திறந்த பொருளாதாரத்தின் பரிசாக 1978 இல் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் கட்டுநாயக்கவில் தொடங்கியது. அடுத்து பியகம, அதன் பிறகு கொக்கல. விலையை வடக்குத் தோட்டக்காரன் கொடுத்தான், தொழிற்சாலை தெற்கில் எழும்பியது. அதற்குள் போரும் வந்துவிட்டது. ஆகவே எமக்கும் ஒரு வலயம் வேண்டும் என்று கேட்பது பிச்சை கேட்பதாகாது. நாற்பது வருடத்துக்கு மேலான பாக்கி அது.

ஆனால் கட்டுநாயக்கவையும் கண் திறந்து பார்க்க வேண்டும். அங்கே பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது உண்மை. அவர்களில் பெரும்பாலானவர்கள் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். ஒரு அறைக்குள் பல பேர் நெருங்கிக் கிடக்கும் போர்டிங் வாழ்க்கை, இரவு முறை வேலை, சங்கம் அமைக்கத் தடைகள். 2011 இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து அவர்கள் வீதிக்கு வந்தபோது பொலிஸ் சுட்டதில் ஒரு இளம் தொழிலாளி உயிரிழந்தார். அதன் பிறகுதான் அந்தச் சட்டமூலம் வாபஸ் பெறப்பட்டது. வேலை வருவது ஒரு விடயம், மரியாதையோடு வேலை வருவது இன்னொரு விடயம்.

அடுத்தது அம்பாந்தோட்டை. 2010 இல் துறைமுகம் திறந்தார்கள். கப்பல் வரவில்லை. 2012 இல் வாகனக் கப்பல்களைக் கொழும்பிலிருந்து அங்கே திருப்பிவிட்டார்கள். 2013 இல் அதைத் தீர்வையற்ற துறைமுகமாக வர்த்தமானியிலும் அறிவித்தார்கள். அப்படியும் கடனைச் சமாளிக்க முடியாமல் 2017 இல் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் போனது. வரியை நீக்கிவிட்டால் முதலீடு தானாக ஓடி வரும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பிரித்தானியாவும் 2021 இல் இங்கிலாந்தில் எட்டு இடங்களை ஃப்ரீபோர்ட் என்று அறிவித்தது. பின்தங்கிய கரையோர ஊர்களைத் தூக்கிவிடுவதே நோக்கம் என்றார்கள். அந்த நாட்டின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகமே அதே ஆண்டு என்ன சொன்னது தெரியுமா? புதிய தொழில் உருவாவதை விட, இருக்கும் தொழில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதே பெரும்பாலும் நடக்கும் என்றது. பொருளியலில் இதற்கு இடப்பெயர்வு என்று பெயர். அந்தச் சொல்லை எமக்கு எவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. யாழ்ப்பாண நகரத்தில் வரி கட்டி நடக்கும் ஒரு தொழில், வரி கட்டாமல் இருப்பதற்காகக் காங்கேசன்துறைக்கு நகர்ந்தால் குடாநாட்டுக்கு அதில் ஒரு வேலைகூடக் கூடாது.

சரி, காங்கேசன்துறையில் என்ன இருக்கிறது? துறைமுகம் இருக்கிறது. அதைப் புனரமைக்க இந்தியா 2018 இல் கடன் தர இணங்கி, பின்னர் முழுச் செலவையும் மானியமாக ஏற்பதாகச் சொன்னது. நாகபட்டினத்துக்கான பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் ஓடத் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. பக்கத்தில் பலாலி விமான நிலையம் இருக்கிறது. ரயில் இருக்கிறது. 1950 இல் தொடங்கி 1990 இல் போரோடு மூடிய சீமெந்துத் தொழிற்சாலையின் காணி இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிக் கப்பல் 1938 இல் அமெரிக்கா வரை போன வரலாறும் இந்தக் கரைக்கு இருக்கிறது. இல்லாதது, நேரம் தவறாமல் வந்து போகும் சரக்குக் கப்பல். அது இல்லாமல் வேலி மட்டும் போட்டால் பெயர்ப் பலகைதான் மிஞ்சும்.

இனி எமக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய எம்மை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். காங்கேசன்துறையும் சோனகத் தெருவும் ஒரே ஆண்டில் வெறுமையாகின. செய்தவர்கள் வேறு, காரணங்கள் வேறு. ஆனால் உறுதியைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்து, "இது எங்கட காணி" என்று அலுவலகம் அலுவலகமாக நிரூபித்துத் திரிந்த அனுபவம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். அந்த உரிமையாளர்கள் முகாம்களில் உயிரோடு இருந்தார்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். 2025 மார்ச் 28 இல் வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருங்கள் என்று வர்த்தமானி வந்தது. எதிர்ப்பும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையும் வந்த பிறகுதான் அது நின்றது. இந்த வரலாற்றைத் தெரிந்தவர்கள் 'வலயம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்று நினைப்பதில் என்ன தவறு?

காணியைப் போலவே வேலையிலும் ஒரு கொக்கி இருக்கிறது. "உள்ளூரவர்களுக்கு முன்னுரிமை" என்று எல்லா அரசியல்வாதிகளும் சொல்வார்கள். உள்ளூரவர் என்றால் யார்? கிராம அலுவலரிடம் பதிவு உள்ளவர் என்றால், புத்தளத்தில் பதிந்து வாழும் யாழ்ப்பாண முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை உள்ளூரவர் இல்லை. தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, திரும்பி வரக் காத்திருக்கும் மயிலிட்டிப் பிள்ளையும் உள்ளூரவர் இல்லை. காணி போன ஊருக்கு வெளியே வாடகை வீட்டில் முப்பது வருடம் இருந்த தெல்லிப்பழைக் குடும்பம் வேறு பிரதேச செயலகத்தில் பதிவாகியிருக்கும். வலயத்தின் நிலத்தோடு அதிகம் உறவுள்ளவர்களே பட்டியலில் இருந்து விழுந்துவிடுவார்கள். ஆகவே 1990 க்கு முன் இந்தக் குடாநாட்டில் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று எங்கே பதிவாகியிருந்தாலும் உள்ளூரவர் என்று எழுத்தில் வர வேண்டும். இதை முஸ்லிம்களுக்கான சலுகையாக நாம் கேட்கவில்லை. வலி. வடக்கு மக்களுக்கும் எமக்கும் சேர்த்தே கேட்கிறோம். சேர்ந்து கேட்டால்தான் காதில் விழும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் மழை சேர்த்து வைக்கும் நீர்தான் எமது கிணறு. சுன்னாகத்தில் மின்நிலையச் சூழலில் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்தது, ஆனால் கெட்ட கிணற்றைத் தீர்ப்பால் இறைக்க முடியாது. சாயம் போடும் தொழிலும் தோல் பதனிடும் தொழிலும் வருமானால், அதன் கழிவு எங்கே போகும் என்று அடிக்கல் நாட்ட முன்னமே தெரிய வேண்டும்.

ஆசிரியர்களாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எமது பாட்டன்மார் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போன காலத்தில் பினாங்கு ஒரு தீர்வையற்ற துறைமுகம். 1969 இல் அந்தத் தகுதி போனது, வேலையின்மை பெருகியது. 1972 இல் பாயன் லெப்பாசில் வலயம் தொடங்கினார்கள். இலத்திரனியல் தொழிற்சாலைகள் வந்தன. ஆனால் பினாங்கு அதோடு நிற்கவில்லை. 1989 இல் அரசும் கம்பனிகளும் சேர்ந்து ஒரு திறன் பயிற்சி நிலையத்தை ஆரம்பித்தன. பொருத்தும் வேலைக்கு வந்த பிள்ளைகள் தொழில்நுட்பவியலாளர்களாகவும் உயர வழி பிறந்தது. எம்மிடமும் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, கிளிநொச்சியில் ஜேர்மன் உதவியோடு கட்டிய பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. இவை ஒன்றுக்கும் வலயத்துக்கும் தொடுப்பு இல்லாவிட்டால், முகாமையாளர்கள் வெளியிலிருந்து வருவார்கள், எமது பிள்ளைகள் வாசலில் காவல் நிற்பார்கள்.

எனவே நாம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை:

1. 'உள்ளூரவர்' என்பதற்கு 1990 இடம்பெயர்ந்த குடும்பங்களையும் சேர்த்த வரைவிலக்கணம்.

2. வலயத்தின் எல்லை வரைபடம் தமிழில், பிரதேச செயலகத்தில் பார்வைக்கு. அரச காணிக்குள் மட்டும் நிற்க வேண்டும். தனியார் காணி தேவையென்றால் உரிமையாளரின் சம்மதத்தோடு குத்தகை, சுவீகரிப்புக் கூடாது.

3. எந்தக் கம்பனிக்கு எத்தனை வருட வரிவிலக்கு, பதிலுக்கு எத்தனை வேலை என்பது பகிரங்கம். சொன்ன வேலை வராவிட்டால் விலக்கும் இல்லை.

4. நீர் எங்கிருந்து, கழிவு எங்கே என்பதற்கு முன்கூட்டிய பதில்.

5. தொழிற்சாலை திறக்க முன் பயிற்சி. பெண்களுக்குப் பாதுகாப்பான போக்குவரத்து. சங்கம் அமைக்கும் உரிமை.

"இவ்வளவு நிபந்தனை போட்டால் முதலீட்டாளர் ஓடிவிடுவார்" என்று சிலர் சொல்வார்கள். காணி வழக்கில் மாட்டுப்பட்ட நிலத்துக்கும், நாளைக்கு மறியல் நடக்கும் வாசலுக்கும்தான் நல்ல முதலீட்டாளர் பயப்படுவார். பிரச்சினையை முன்னமே தீர்த்து வைத்த இடத்துக்கு அவர் வருவார். வரிவிலக்குக்காக மட்டும் வருபவர், விலக்கு முடிந்த அடுத்த நாள் மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

இதை வாசித்துவிட்டு லைக் போட்டுக் கடந்து போகாதீர்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எம் கையில் இருக்கிறது. முதலீட்டுச் சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் வரைபடத்தைக் கேட்டு விண்ணப்பம் போடலாம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் போகும் எமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம், மேலே உள்ள ஐந்தில் எதைக் கேட்டீர்கள் என்று விசாரிக்கலாம். கோயில் சபையும், பங்குச் சபையும், பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரே கடிதத்தில் கையொப்பமிடலாம். கடிதத்தை எழுதித் தர ஆசிரியர்கள் நாம் தயார். கையெழுத்துக்கு யார் யார் தயார் என்று கீழே எழுதுங்கள்.