வரப்போகும் பிராஸஸர்களும் ஊகக் கூற்றுக்களும்

கம்ப்யூட்டரின் மூளை என்று உலகோர் வழங்கும் பிராஸஸர் என்னும் சிறு சில்லைப்பற்றி இவ்வாண்டு மலரில் நம் அபிப்பிராயத்தைச் சிறிது வெளியிட விரும்புகின்றோம். அதன் அமைப்பை விரித்துரைப்பது நம் கருத்தன்று. அது பௌதிக ஆசிரியர்க்கு உரியது. இன்னும் கடைக்கு வாராத சில்லொன்று இத்துணை வேகமுடையதாயிருக்கும், இன்ன மாதத்தில் வெளிப்படும் என்று துணிந்து கூறும் ஊகங்கள் மாணவரிடையே மழைக்காலத்து ஈசலைப்போலப் பெருகிவிட்டன. பெற்றோர் வருந்திச் சேர்த்தளித்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழுதான பழைய யந்திரத்தோடு மல்லாடி, ‘அடுத்தது வரட்டும், அடுத்தது வரட்டும்’ என்று ஒரு வருஷப் படிப்பைக் கழித்த இளைஞர் சிலரை நாம் அறிவோம். ஆகலின் இதனை வெறும் வேடிக்கைப் பேச்சென்று தள்ளுதற்கில்லை.

ஊகித்தலே குற்றமென்று நாம் கூறவில்லை. மேகத்தைப் பார்த்து மழையை ஊகியாத உழவன் உளனோ? எதனைக் கண்டு ஊகிக்கின்றார்கள் என்பதே வினா.

ஒரு பிராஸஸரின் செயல்திறம் பெரும்பாலும் இரண்டு எண்களின் பெருக்கற்பலனாம். விநாடிக்கு அஃது எத்தனை முறை துடிக்கின்றது என்பது ஒன்று; ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலையை முடிக்கின்றது என்பது மற்றொன்று. தறியில் நெய்பவன் நாடாவை விரைந்தெறிந்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் எறிக்கும் எத்துணைத் துணி வளர்கின்றது என்பதையும் நோக்கவேண்டுமன்றோ? இவ்விரண்டனுள் ஒன்றைமட்டும் பற்றிக்கொண்டு ஆரூடம் சொன்னவர் பட்ட பாட்டுக்குப் பென்டியம் 4 என்னும் சில்லின் சரித்திரமே போதிய சான்று.

2000-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அச்சில்லு 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் என்னும் வேகங்களில் வெளிவந்தது. கிகாஹெர்ட்ஸ் ஒன்று என்பது விநாடிக்கு நூறு கோடித் துடிப்பு. துடிப்பைப் பெருக்குதலையே முதன்மையாகக் கொண்டு வகுத்த அவ்வமைப்பு நாளடைவில் 10 கிகாஹெர்ட்ஸை எட்டும் என்று, கடைத்தெரு வம்பர் அல்லர், அதனை ஆக்கிய இன்டெல் கம்பெனியாரே எதிர்பார்த்தனர். நிகழ்ந்தது வேறு. துடிப்பு ஏற ஏற மின்னழுத்தமும் ஏறவேண்டியதாயிற்று. செலவாகும் மின்சக்தியோ அழுத்தத்தின் வர்க்கத்தோடு பெருகுவது. நுண்மையான 90 நானோமீட்டர் முறையிற் செய்த சில்லு 2004-ம் ஆண்டு பிப்ரவரியில் வந்தபோது, குளிர்ந்திருக்கும் என்று நம்பியவர் கைசுட்டுக்கொண்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் அடுத்த சில்லின் திட்டம் கைவிடப்பட்டது. அக்டோபரில், வரும் என்று வாக்களித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் சில்லும் கைவிடப்பட்டது. அதன்பொருட்டு இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாட்படியிட்டு மன்னிப்பு வேண்டினார். (வியாபாரத் தலைவர் ஒருவர் முழந்தாளிட்டதைக் காண்டல் அரிது, நமக்கு அவர்பால் மதிப்புக் குறையவில்லை.) பென்டியம் 4 வமிசம் 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது. 2006-ம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த கோர் 2 டூவோ, 3 கிகாஹெர்ட்ஸுக்கும் குறைந்த துடிப்போடு அதனை எளிதிற் பின்னிடச் செய்தது. 6 கிகாஹெர்ட்ஸ் என்னும் எண்ணைத் தாங்கிய இன்டெல் சில்லு கடைக்கு வந்தது 2023-ம் ஆண்டு ஜனவரியில்தான். அதுவும் சிறிது பொழுது மட்டும் எட்டும் உச்ச வேகம்.

எதிர்ப்பக்கத்துக் கம்பெனியாகிய ஏ.எம்.டி.யின் கதையும் கேட்கத்தக்கதே. புல்டோஸர் என்னும் அவர்களது அமைப்பைப்பற்றிப் பல ஆண்டுகள் பெருமை பேசப்பட்டது. 2011-ம் ஆண்டு அக்டோபரில் அது எட்டுக் கோர்களோடு வந்தது. ஆனால் இரண்டிரண்டு கோர்கள் சேர்ந்து தசம எண் கணக்கிடும் உறுப்பைப் பொதுவாக வைத்துக்கொண்டிருந்தன. தனி வேலை ஒன்றைச் செய்வதில் தனக்கு முந்திய சில்லுக்கே சிற்சில பரீட்சைகளிற் பின்னிட்டது. எட்டு என்று சொல்லி விற்றது தகுமா என்று அமெரிக்காவில் எழுந்த வழக்கு, 2019-ம் ஆண்டில் 1.21 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டுத் தீர்க்கப்பட்டது.

இதனைக் கண்டவர் அடுத்து என்ன கூறினர்? 2015-ம் ஆண்டில் ஏ.எம்.டி.யார், ‘ஜென் என்னும் புதிய அமைப்பு ஒவ்வொரு துடிப்பிலும் நூற்றுக்கு 40 பங்கு மிகுதியாக வேலை செய்யும்’ என்றபோது, முன்பு ஏமாந்த பலர் நகைத்தனர். 2017-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி ரைஸன் என்னும் பெயரோடு அது வெளிவந்தபோது அந்த மிகுதி நூற்றுக்கு 52 என்று அறிவிக்கப்பட்டது. எட்டுக் கோர்கொண்ட உயர்ந்த வகை 499 டாலருக்கு விற்றது. இன்டெலின் எட்டுக் கோர் சில்லு அப்போது ஆயிரம் டாலருக்கு மேற்பட்டது. ஆகவே நம்பினவரும் ஏமாந்தனர், நம்பாதவரும் ஏமாந்தனர். அவ்வாண்டின் தொடக்கத்தில் இரண்டு மாதம் பொறுத்திருந்தவர் நல்ல பயன் அடைந்தார் என்பதையும் மறைத்தலாகாது.

செயல்திறத்தைப்பற்றிய ஊகமாவது அமைப்பை ஆராய்ந்து ஒருவாறு கூறத்தக்கது. தேதியைப்பற்றிய ஊகமோ முற்றும் வீண் என்பது நம் துணிபு. இன்டெல் கம்பெனியாரின் 10 நானோமீட்டர் முறை முதலிற் குறித்த காலம் தவறி, 2017-ம் ஆண்டின் பிற்பாதிக்கு என்று 2015-ல் தள்ளிவைக்கப்பட்டது. 2018-ல் மடிக்கணினிக்குரிய சிறு சில்லொன்று பேருக்கு எட்டிப்பார்த்தது. மேஜைக் கம்ப்யூட்டருக்கோ 2015-ம் ஆண்டில் வந்த 14 நானோமீட்டர் முறையே 2021-ம் ஆண்டு மார்ச்சில் வந்த சில்லிலும் இருந்தது. அவ்வாண்டு நவம்பரில்தான் புதுமுறை வந்து சேர்ந்தது. அதற்குள் அம்முறைக்குப் பெயரும் மாறி ‘இன்டெல் 7’ என்றாயிற்று! கோடிக்கணக்கான டாலர் செலவிட்டு ஆலை நடத்துவோர்க்கே தெரியாத தேதி, படம் ஒன்றைத் திருட்டுத்தனமாய்ப் பெற்று அதன்மேற் கதை கட்டுவோர்க்கு எங்ஙனம் தெரியும்?

அண்மைக் காலமும் வேறுபட்டதன்று. 2024-ம் ஆண்டு ஜூலை 31-ல் வரும் என்று அறிவித்த ரைஸன் 9000 வரிசையை, ஒரு வாரத்துக்கு முன் ஏ.எம்.டி.யாரே தரம் போதாதென்று ஆகஸ்டுக்கு மாற்றினர். நூற்றுக்கு 16 என்று சொல்லிய மிகுதி, விளையாட்டுக்களைக்கொண்டு அளந்தவர் கையில் மிகச் சுருங்கிற்று. அக்டோபரில் வந்த இன்டெல் சில்லோ விளையாட்டுக்கள் பலவற்றில் தன் தமையனுக்கே தோற்றது. மின்சாரச் செலவு மட்டும் குறைந்தது. பாடம் எழுதவும் கணக்கிடவும் யந்திரம் வேண்டுவோனுக்கு இவ்வெண்களில் எது பொருந்தும்? ‘எந்த வேலையில்?’ என்று கேளாமல் நூற்று வீதத்தை ஏற்பது, எடை எது என்று கேளாமல் தராசை நம்புவதாகும்.

ஆதலின் நம் கொள்கை இது. வேலைக்கு யந்திரம் இன்று வேண்டுமாயின் இன்று கிடைப்பதை வாங்குக. கம்பெனியார் தாமே தேதி குறித்து, அது சில வாரத்துக்குள் அமையுமாயின் பொறுக்கலாம். பழைய சில்லின் விலையாவது இறங்கும். வெளிவந்தபின் சார்பற்றோர் அளந்து கூறும் முடிவு வரும்வரை எவ்வகைப் படத்தையும் நம்பவேண்டா.

ஆரூடக்காரரைப்பற்றியும் ஒரு வார்த்தை. சொன்னது நிகழ்ந்ததா என்று பார்த்தே தீர்க்கதரிசியை மதிப்பிடவேண்டும் என்னும் விதி நாம் நாடோறும் கேட்கும் வேதாகமத்தில் உண்டு. சில்லுலகில் அவ்விதி வழங்கக் காணோம். பலித்தால் ‘நான் அன்றே சொன்னேன்’ என்கின்றனர். பலியாதாயின் ‘கம்பெனியார் திட்டத்தை மாற்றிவிட்டனர்’ என்கின்றனர். கேட்போரும் மறந்துவிடுகின்றனர். நம் கல்லூரிக் கம்ப்யூட்டர் சங்கத்தார் இதற்கென ஒரு குறிப்பேடு வைத்து, யார், எந்நாளில், என்ன கூறினார் என்பதை எழுதி, சில்லு வந்தபின் எதிர்ப்பக்கத்தில் அளந்த எண்ணையும் பதிந்துவரின் நலமாகும். செலவு ஒரு நோட்டுப்புத்தகத்தின் விலையே.

முதற்பக்கத்துக்குரிய செய்தியும் ஆயத்தமாக இருக்கின்றது. நோவா லேக் என்னும் சில்லு 2026-ம் ஆண்டில் வரும் என்று 2025-ல் இன்டெல் கம்பெனியார் கூறினர். அதில் 52 கோர்கள் இருக்கும் என்பது வதந்தி. முந்தியதைக் கறுப்பு மையிலும் பிந்தியதைப் பென்சிலிலும் எழுதிவைக்குமாறு சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம்.