337 டன் போனது, 11 லட்சம் டன் இருக்கிறது

2025 ஜனவரி முதல் தேதி இரவு, போபாலிலிருந்து பன்னிரண்டு கன்டெய்னர் லாரிகள் போலீஸ் காவலோடு பீதம்பூருக்குக் கிளம்பின. யூனியன் கார்பைடு ஆலையில் நாற்பது வருடமாகக் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு அவற்றில் ஏறியிருந்தது. சில மாதங்களில் அதை எரித்தும் முடித்தார்கள். போபாலின் நஞ்சு ஒழிந்தது, கதை முடிந்தது என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிட்டது.

முடியவில்லை. லாரி ஏறியது, கிடங்கில் மூட்டை கட்டி வைத்திருந்த கழிவு மட்டும்தான். மத்திய அரசின் இரண்டு ஆராய்ச்சி நிறுவனங்கள் 2010இல் சேர்ந்து கொடுத்த மதிப்பீட்டில், ஆலையிலும் அதைச் சுற்றியும் சுத்திகரிக்க வேண்டிய மண் சுமார் 11 லட்சம் டன். அப்புறப்படுத்தியது பத்தாயிரத்தில் மூன்று பங்கு.

எல்லாம் 1984 டிசம்பரில் ஆலையிலிருந்து விஷவாயு கசிந்த அந்த ஓர் இரவோடு போயிற்று என்பதும் பிசகு. 1969இல் பூச்சிமருந்து ஆலை தொடங்கியதிலிருந்தே கழிவு அந்த வளாகத்துக்குள் புதைந்துவந்தது. 1977இல் வடக்கே சுமார் 32 ஏக்கரில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுக் கழிவுநீர்க் குட்டைகள் வெட்டினார்கள். குட்டை கசிகிறது என்று 1982லேயே கம்பெனிக்குள் தந்தி பறந்திருக்கிறது. ஆக, விஷவாயு கசியாமலே இருந்திருந்தாலும் அக்கம்பக்கத்துத் தண்ணீர் கெட்டிருக்கும்.

ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. 1999இல் கிரீன்பீஸ் எடுத்த மாதிரிகளில் பாதரசமும் கார்பன் டெட்ராகுளோரைடும் குளோரோஃபார்மும் இருந்தன. முதலாவது நரம்பையும் வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும். இரண்டாவது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆலையை ஒட்டிய அடல் அயூப் நகரில் அடிபம்புகளுக்குச் சிவப்புச் சாயம் பூசி, குடிக்க உதவாது என்று எழுதி வைத்ததே அதிகாரிகள்தான். வேறு தண்ணீர் இல்லாததால் சிவப்பு பம்பிலேயே குடம் நிரம்பியது. எந்த நோய் எந்தத் தண்ணீரால் வந்தது என்று காட்டும் நீண்டகால ஆய்வு போதாது என்பது நிஜம். ஆனால் ஆய்வை நடத்தாமல் விட்டுவிட்டு, ஆய்வு இல்லையே என்று கைவிரிப்பது எந்த ஊர் நியாயம்?

தெரிந்தே போய்க் குடியேறினார்கள் என்பது இருப்பதிலேயே கொடுமையான வாதம். ஆலைக்கு எதிரேயுள்ள ஜே.பி. நகர் விபத்துக்கு முன்பே இருந்தது. பின்னால் வந்தவர்கள் அன்றாடக் கூலிகள். வேறெங்கும் கட்டுப்படியாகாத இடத்தில் குடிசை போடுகிறவர்கள் நிலத்தடி நீரைப் பரிசோதித்தா வருவார்கள்?

குழாய்த் தண்ணீர்தான் கொடுத்தாயிற்றே என்கிறார்கள். சும்மா கிடைக்கவில்லை அது. சுத்தமான தண்ணீர் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டும் வராததால், 2006இலும் 2008இலும் பாதிக்கப்பட்டவர்கள் தில்லிவரை நடந்தே போனார்கள். அதற்குள் மாசும் நகர்ந்துகொண்டிருந்தது. 2018இல் பாதிக்கப்பட்ட குடியிருப்புகளின் பட்டியல் 42 ஆகிவிட்டது. மேலே குழாய் போட்டால் கீழே நஞ்சு நின்றுவிடாது.

மிச்சமிருப்பது, செலவு யாருடையது என்பது. 2001இல் யூனியன் கார்பைடை வாங்கிய டௌ நிறுவனம், பொறுப்பு தன்னுடையதல்ல என்கிறது. நிலம் 1998 முதல் மாநில அரசின் கையில். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல், நம் வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. 337 டன்னை எரிக்க ஒதுக்கிய 126 கோடி ரூபாயோ அரசுப் பணம்.