ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் மூன்றாம் நம்பர் பஜாரை ஒட்டிய ஒரு வீட்டில் கழற்றிய அரை இஞ்ச் கேட் வால்வை வாசக நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். கைப்பிடி சுற்றுகிறது, தண்ணீர் நிற்கவில்லை. பட்டறையில் கொடுத்து நடுவே அறுத்துப் பார்த்தோம். மஞ்சளாக இருக்க வேண்டிய பித்தளை திட்டுத்திட்டாகச் செம்பு நிறத்தில் கிடந்தது. ஸ்குரூடிரைவர் நுனியால் சுரண்டியதும் பொருபொருவென்று உதிர்ந்தது. உப்பேறிய தண்ணீர் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. போனது துத்தநாகம் மட்டும்தானா?

பழைய வீட்டில் ஈயம் என்றதும் நம் ஆட்கள் ஈயக் குழாயைத் தேடுகிறார்கள். அது அமெரிக்கக் கதை. 1986இல் தடை வரும்வரை அங்கே தெரு மெயினிலிருந்து வீட்டுக்கு ஈயக் குழாயே இழுத்தார்கள். 2014இல் ஃபிளிண்ட் நகரம் அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்காமல் ஆற்றுநீருக்கு மாறியபோது அந்தக் குழாய்கள் விஷமாயின. நம் பக்கம் வார்ப்பிரும்பு மெயின்களின் மூட்டில் சணல் திணித்துக் காரீயம் உருக்கி ஊற்றினோம். வீட்டுக்குள் ஓடியது ஜிஐ எனும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். ஹேவ்லாக்கோ 1950களில் கிழக்கு வங்க அகதிகள் குடியேறிய தீவு. அங்கே ஈயக் குழாய் அகப்படும் என்று நான் நம்பவில்லை.

வால்வு வேறு விஷயம். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். இளிக்கிற பித்தளையின் வயிற்றிலேயே நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு ஈயம் இருக்கிறது. லேத்தில் கடையும்போது சீவல் சுருளாக நீளாமல் பொடியாக விழ வேண்டுமென்று சேர்ப்பது அது. பித்தளையோடு கரைந்து கலக்காமல் நுண்ணிய மணிகளாகச் சிதறி நிற்கும். மேற்பரப்பு அரிக்க அரிக்கத் தண்ணீரில் இறங்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 10500 அனுமதிக்கும் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். அமெரிக்காவில் 2014 முதல், தண்ணீர் படும் பாகங்களில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் ஹார்டுவேர் கடையில் அப்படியொரு வால்வு கேட்டால் சிரிக்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருப்போம்.

மழைநீரைத் தேக்கிப் புழங்கும் வீட்டில் கவனம் கூடுதலாக வேண்டும். அது மென்னீர், உள்ளே சுண்ணாம்புப் படலம் படியாது. கடினநீர் ஊர்களில் நாம் திட்டித் தீர்க்கும் அந்தப் படலம் உலோகத்துக்கு ஓரளவு காவல்.

பழைய ஜிஐ மரையில் சணலோடு காய்ந்த வெள்ளைப் பசை தெரிந்தால் அது வெள்ளை லெட்டாக இருக்கலாம், அதுவும் ஈயம்தான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். புது மரைக்கு டெஃப்லான் டேப் போதும். பிளாஸ்டிக் குழாயென்றால் கவலை விட்டது என்றும் நினைக்க வேண்டாம். பிவிசியில் சேர்க்கும் ஈயக் கலவைகளைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021இல் தனி விதிகளே கொண்டுவந்தது. முத்திரையும் ஈயமில்லை என்ற அச்சும் பார்த்து வாங்குங்கள். தவறான உருப்படியை மறுநாள் மாற்றிக்கொள்ளும் ஊரல்ல ஹேவ்லாக்: சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல், அங்கிருந்து இன்னொரு படகு.

இன்னொன்று. பிளாஸ்டிக்குக்கு மாற ஜிஐயை அறுக்கும் முன், எலக்ட்ரீஷியன் யாராவது எர்த் ஒயரை அதில் கிளாம்ப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பிளாஸ்டிக் போட்ட கையோடு வீட்டின் எர்த்தே போய்விடும்.

அறுத்த அதிர்வில் பழைய துருவும் படிவும் உதிர்ந்து சில நாள் ஈயம் கூடலாம். குழாய் வாயிலுள்ள வலையைக் கழற்றிக் கழுவுங்கள். காய்ச்சினால் ஈயம் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் ஏறும். ராத்திரி முழுக்கக் குழாயில் தங்கிய தண்ணீரைக் காலையில் ஓடவிட்ட பிறகே குடிக்கப் பிடிக்க வேண்டும். தண்ணீர் தட்டுப்படும் மார்ச் மாதம் ஹேவ்லாக்கில் இதைச் சொன்னால் வீட்டம்மா நம்மைத்தான் ஓடவிடுவார். வாளி வைத்துப் பிடித்து, தரை துடைக்க எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.