நட்டு எவ்வளவு இறுக வேண்டும்?

பட்டறைக்குக் கார் போனால் எஞ்சின் எண்ணெய் என்ன விலை என்று கேட்கிறோம், பிரேக் தேய்ந்துவிட்டதா என்று கேட்கிறோம். டயரை மாற்றிய பிறகு, "நட்டை எவ்வளவு இறுக்கினீர்கள்?" என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? புதிதாகக் காரோட்டத் தொடங்கும் மாணவர்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அது என்பது என் கருத்து.

ஒரு மைவி காரின் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பவை நான்கே நட்டுகள். நட்டு இறுகும்போது அதனுள் இருக்கும் ஸ்டட் என்ற திருகுத் தண்டு மிகச் சிறிதளவு நீள்கிறது. வில்சுருளைப் போல அது மீண்டும் சுருங்கப் பார்க்கும் விசைதான் சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அழுத்தி வைக்கிறது. இறுக்கம் குறைந்தால் சக்கரம் சிறிது சிறிதாக ஆடும். நாளடைவில் நட்டு கழலும், இல்லையென்றால் தண்டு ஒடியும். நெடுஞ்சாலையில் கழன்று ஓடும் சக்கரம் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வருபவரின் உயிரைப் பறித்துவிடலாம்.

அப்படியானால் முடிந்த மட்டும் இறுக்கிவிட்டால் என்ன? பலர் தவறுவது இங்கேதான். மீட்சி எல்லையைத் தாண்டி நீண்ட தண்டு பழைய நிலைக்குத் திரும்பாது. புரியும் கெட்டுப்போகும்.

பெரும்பாலான சிறிய கார்களுக்குத் தேவையான முறுக்கு விசை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கு உரிய சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும். இடைநிலைப்பள்ளி அறிவியலில் படித்ததுதான்: விசையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் ஏறக்குறைய 40 கிலோ எடையளவு அழுத்தினால் 100 வந்துவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் மேல் ஏறி நின்றாலோ 170-ஐத் தாண்டிவிடும். "ஏறி மிதி, அப்போதுதான் நிற்கும்" என்று சொல்லும் மாமாக்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்.

பட்டறையின் காற்றுத் துப்பாக்கியும் கவனமில்லாமல் பிடித்தால் அதே வேலையைத்தான் செய்யும். அதன் விளைவு பின்னர் சாலையோரத்தில் தெரியும். டயர் பஞ்சராகும். காரில் இருக்கும் சிறிய ஸ்பானரால் நட்டு அசையாது. உடனே, பெண்களுக்கு டயர் மாற்றத் தெரியாது என்று கேலி செய்வார்கள். கையில் வலு இல்லாததாலா அது? அளவில்லாமல் இறுக்கியவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஓட்டுநர் உரிமத் தேர்வில் வாகனச் சோதனை என்று ஒரு பகுதி உண்டு. பானெட்டைத் திறந்து காட்டினேன், விளக்குகளைக் காட்டினேன். சக்கர நட்டைத் தொடாமலே எனக்கு உரிமம் கிடைத்தது. அந்தப் பகுதியில் டயர் மாற்றுவதையும் சேர்த்தால் நல்லது.

முறை ஒன்றும் கடினமில்லை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஜாக்கியால் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். புதிய சக்கரத்தை மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். புரி கோணலாக ஏறினால் விரலுக்கே தெரிந்துவிடும். பிறகு எதிரெதிராக இறுக்க வேண்டும். ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரைவது போல ஒன்று விட்டு ஒன்றாக. வரிசையாகச் சுற்றிக்கொண்டே போனால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். இறுதி இறுக்கம் காரைக் கீழே இறக்கிய பிறகுதான். புரியில் எண்ணெய் பூசக் கூடாது. உராய்வு குறைந்து, அதே முறுக்கிலும் தண்டு கூடுதலாக நீண்டுவிடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் திரும்புமுன் டயர் மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் மட்டும் இந்தத் திறமையைக் காட்ட வேண்டாம். தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்று உதவிக்கு அழைப்பதே மேல்.

அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் 100 ரிங்கிட்டை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. வீட்டுத் தோழர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். 'கிளிக்' சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதைக் கொண்டு நட்டைக் கழற்றக் கூடாது.

வாங்க முடியாதவர்கள் பட்டறையிலேயே கேளுங்கள்: "போஸ், கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் செய்ய முடியுமா?" நான் கேட்டபோது ஒரு பட்டறையில் சிரித்தார்கள். இன்னொரு பட்டறையில் சுவரில் மாட்டியிருந்ததை எடுத்து வந்து, என் கையிலேயே கொடுத்து இறுக்கச் சொன்னார்கள். இப்போது அங்கேதான் போகிறேன்.