நெஞ்சுக்குத் தூக்கிப்போடு, மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்

ஆலுவாவில் மெட்ரோ ரயில் புறப்படும் இடத்துக்கு அருகே ஒரு டீக்கடை. கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்குக் கொச்சியில் ஆட்டம் உள்ள நாட்களில் மாலை நான்கு மணிக்கே அங்கு மஞ்சள் சட்டைகள் கூடிவிடும். ரயிலைப் பிடித்தால் கலூர் நேரு அரங்கத்தின் வாசலில் இறங்கலாம். 2018 டிசம்பரில் அந்தக் கடைக்காரர், டிக்கெட் வாங்கி வைத்திருந்தும் ஆட்டத்துக்குப் போகவில்லை. ஏன் சேட்டா என்று கேட்டேன். "தோற்றால் பரவாயில்லை சார். என்ன செய்யப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவேண்டாமா?" என்றார்.

கோபம் அவருக்கு மட்டும் இல்லை. 'மஞ்ஞப்பட' எனப்படும் ரசிகர் கூட்டமே அந்த மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 2016-ல் இறுதி ஆட்டத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட அரங்கில் காலி நாற்காலிகள்தான் கண்ணில் பட்டன. பயிற்சியாளர் டேவிட் ஜேம்ஸின் உத்திதான் முக்கியக் குற்றச்சாட்டு. நடுக்களம் என்ற ஒன்று இருப்பதையே மறந்து, பின்னாலிருந்து பந்தை உயரத் தூக்கி அடிப்பது. முன்னால் இருப்பவர் ஏதாவது செய்வார் என்று காத்திருப்பது.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் ரசிகர் அல்ல, ஆட்டக்காரர். மான்செஸ்டர் யுனைடெட் அணியில் ஆடிய பல்கேரியாவின் டிமிடார் பெர்படோவ் 2017-18 பருவத்தில் மஞ்சள் சட்டை அணிந்தவர். மூட்டையைக் கட்டியதும் இன்ஸ்டாகிராமில் பொரிந்து தள்ளினார். தான் பார்த்த மிக மோசமான உத்தி இது என்றார். முன்கள வீரரின் நெஞ்சுக்குப் பந்தைத் தூக்கிப்போடு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் - இதுதான் பாடத்திட்டம் என்று கிண்டல் செய்தார். பயிற்சியாளரின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஆனால் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. 2014-ல், முதல் பருவத்தில், இதே டேவிட் ஜேம்ஸ் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். லீக் கட்டத்தின் 14 ஆட்டங்களில் அணி அடித்தவை 9 கோல்கள். இருந்தும் இறுதி ஆட்டம் வரை போய், கூடுதல் நிமிடத்தில் விழுந்த ஒரே கோலில் கொல்கத்தாவிடம் தோற்றது. 2016-ல் ஸ்டீவ் கோப்பல் வந்தார். 14 ஆட்டங்களில் அடித்தது 13, வாங்கியது 15. வாங்கியதைவிடக் குறைவாக அடித்து, பட்டியலில் இரண்டாம் இடம்! மறுபடியும் இறுதி ஆட்டம். சொந்த மண்ணில், மறுபடியும் கொல்கத்தாவிடம், பெனால்டியில் தோல்வி. அந்த இரண்டு அணிகளையும் கொச்சி தோளில் தூக்கி வைத்துக்கொண்டது.

எல்லோரும் வைத 2018-19 அணியோ 18 ஆட்டங்களில் 18 கோல்கள் அடித்தது. சராசரியில் அந்த இரு அணிகளையும்விட மேல். அப்படியானால் ரசிகருக்குக் கணக்குத் தெரியாதா?

தெரியும். அவர் எண்ணுவது கோல்களை அல்ல. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் கொல்கத்தாவை அதன் ஊரிலேயே 2-0 என்று வென்றார்கள். அடுத்து கொச்சியில் மும்பைக்கு எதிராக ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடியும் தறுவாயில் மும்பை சமன் செய்தது. முன்னிலை பெற்றதும் பின்வாங்குவது, கடைசியில் கைநழுவ விடுவது என்பதே வழக்கமானது. அடுத்த வெற்றிக்கு 14 ஆட்டங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. பருவத்தின் முடிவில் 2 வெற்றி, 7 தோல்வி, 9 டிரா. அந்த ஒன்பதில்தான் டீக்கடைக்காரரின் கோபம் இருக்கிறது. கோப்பலின் கஞ்சத்தனத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது. இதற்கு அதுவும் தெரியவில்லை.

இந்த ஊருக்கு ஆட்டம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆலுவாவை ஒட்டிய ஃபாக்ட் உரத் தொழிற்சாலையும் களமசேரி பிரீமியர் டயர்ஸும் ஒரு காலத்தில் பெயர் பெற்ற கால்பந்து அணிகளை வைத்திருந்தன. 1973 டிசம்பரில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் கேரளம் முதல்முறையாக சந்தோஷ் டிராபியை வென்றது. ரயில்வேயை 3-2 என்று வீழ்த்திய அந்த இறுதி ஆட்டத்தில் மூன்று கோல்களையும் அடித்தவர் கேப்டன் மணி. பயிற்சியாளர், ரோம் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் இருந்த சைமன் சுந்தர்ராஜ். இரண்டு வாங்கினாலும் மூன்று அடிப்போம் என்ற அந்தக் கணக்கை அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த ஊர் இது.

அதே சமயம், ரசிகரின் கோபத்துக்கும் எல்லை உண்டு. 2018 டிசம்பரில் மும்பையில் 6-1 என்று நொறுங்கியதும் ஜேம்ஸ் விலகினார். 2019 பிப்ரவரியில் சென்னையை 3-0 என்று வென்று அணி மூச்சு விட்டது. அந்த ஆட்டத்தில் சென்னைக்காக ஆடியவர் சி.கே. வினீத், 2016-ல் மஞ்சள் சட்டையில் 5 கோல்கள் அடித்து கேரளத்தைக் கரை சேர்த்த கண்ணூர்க்காரர். பந்து எடுத்துத் தரும் சிறுவனை அவர் திட்டினார் என்று ஒரு ஒலிப்பதிவு பரவியது. அது பொய் என்று அவர் போலீசில் புகார் கொடுக்க நேர்ந்தது. உத்தி சரியில்லை என்று சொல்லிக் காலி நாற்காலியைக் காட்டுவது ரசிகரின் உரிமை. உத்திக்குப் பொறுப்பில்லாத ஒரு ஆட்டக்காரரின் பெயரைக் கெடுப்பது அந்த உரிமையில் சேராது.

ஆறுதலும் ஒரு வேடிக்கையாகத்தான் வந்தது. 2021-22-ல் இவான் வுகோமனோவிச்சின் அணி லீக் கட்டத்தின் 20 ஆட்டங்களில் 34 கோல்கள் அடித்தது. ரசிகர்கள் ஏங்கிய ஆட்டம். ஆனால் கொரோனாவால் அத்தனையும் கோவாவில், பூட்டிய அரங்கங்களில். இறுதி ஆட்டத்துக்கு மட்டும் கதவு திறந்தது. மஞ்சள் படை ரயிலிலும் பஸ்ஸிலும் கோவாவுக்குப் போய், ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றதைப் பார்த்துத் திரும்பியது. இறுதி ஆட்டத்தில் மூன்றாவது தோல்வி.

ஆலுவா டீக்கடைக்காரரும் போயிருந்தார். திரும்பி வந்தவரிடம் டிக்கெட் காசு வீணா என்று கேட்டேன். "இல்லை சார், இந்த முறை என்ன செய்யப் பார்த்தார்கள் என்று புரிந்தது" என்றார். டீயை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக ஆற்றினார்.