பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் நிலப்பயன்பாட்டு விதிகளும்: கூட்டமைப்பின் நிலைப்பாடு

பள்ளிக்கரணைச் சதுப்புநில எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை கட்டுமான அனுமதி வழங்கலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் இட்ட உத்தரவையும், அதைத் தளர்த்தக் கோரி எழுந்த அழுத்தத்தையும் உறுப்பினர்கள் அறிவர். அந்த ஒரு கிலோமீட்டர் தற்காலிக ஏற்பாடே என்பதைக் கூட்டமைப்பு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதற்கு மாற்றாக வரையப்படவுள்ள தாக்கப் பகுதி, அதாவது எவ்விடத்துக் கட்டுமானம் சதுப்பின் இயல்பைக் கெடுக்குமோ அந்த நீர்ப்பிடிப்புப் பரப்பு, விற்பனைக்குக் காத்திருக்கும் மனைகளுக்கேற்பச் சுருக்கப்படுமானால் அதை ஏற்க இயலாது.

கரையை மட்டும் அளந்து சதுப்பைக் காக்க முடியாது. ராம்சர் உடன்படிக்கையின்கீழ் 2022-இல் அறிவிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அதற்கு நீர் தரும் பரப்போ சுமார் 250 சதுர கிலோமீட்டர். மாடம்பாக்கம், செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் முதலிய ஏரிகள் நிறைந்ததும், மிகைநீர் வழிவதற்கென அமைந்த கலங்கல்கள் வழியே வெளியேறும் நீர், ஏரிக்கு ஏரி இறங்கிச் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலுக்குச் செல்கிறது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பத்தாண்டுச் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. ஆனால் பாசனத்துக்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளை அவ்விதிகளே விலக்கிவிடுவதால், சதுப்புக்கு நீர் தரும் ஏரிகளுக்கு அத்தடை கிட்டுவதில்லை. ஏரிப்பாசனம் பெற்ற வயல்களான ஆயக்கட்டைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றிக் கட்டடங்களால் நிரப்பிய பின்னரும், பாசனம் நின்றுபோன ஏரியைப் ‘பாசன ஏரி’ என்றே பதிந்து பாதுகாப்பை மறுப்பது நேர்மையற்ற செயல். அந்த ஆயக்கட்டில் முறையான அனுமதியோடு வீடு வாங்கியவர்கள் 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் நின்றார்கள். அனுமதி வழங்கியவர்கள் எவரும் அதற்குப் பொறுப்பேற்கவில்லை.

ஆகவே சென்னைப் பெருநகருக்கான மூன்றாம் பெருந்திட்டத்தில் ஏரி, கலங்கல், போக்குக் கால்வாய், சதுப்பு ஆகியவை தனித்தனிச் சர்வே எண்களாக அல்லாமல் ஒரே பாதுகாப்பு மண்டலமாகக் குறிக்கப்பட வேண்டும். ஏரியின் எல்லை இன்று எஞ்சியுள்ள நீர்ப்பரப்பைக் கொண்டன்றி, முழுக் கொள்ளளவில் நீர் பரவும் இடத்தைக் கொண்டு அளக்கப்பட வேண்டும். அம்மண்டலத்துக்குள் நிலவகை மாற்றம், அதாவது ஒரு பயன்பாட்டுக்கென ஒதுக்கிய நிலத்தை வேறொன்றுக்கு மாற்றும் ஆணை, அறவே கூடாது.

பட்டா நிலம் வைத்திருப்போர் குறித்துச் செயற்குழுவில் நெடிய விவாதம் நடந்தது. கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு மாற்றித் தருவதோ, உரிய இழப்பீடு அளிப்பதோ, இயன்றவரை பரிசீலிக்கப்படலாம் என்ற அளவில் உடன்பாடு எட்டப்பட்டது. ஏற்கெனவே குடியிருக்கும் வீடுகளை இடிக்கக் கூட்டமைப்பு கோரவில்லை.

விதியை மீறியவர்கள் தனியார் மட்டும் அல்லர் என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். பெருங்குடியில் மாநகரின் குப்பையைச் சதுப்பிலேயே கொட்டியது அரசு அமைப்பு. ஆற்றங்கரையில் ஆபத்து என்று கூறி நகருக்குள்ளிருந்து அகற்றிய ஏழை மக்களை, மழைதோறும் நீர் சூழும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தியதும் அரசே. சாமானியனின் கூரைக்கு ஒரு விதி, அரசு வளாகத்துக்கும் அடுக்குமாடிக்கும் வேறு விதி என்பது இனியும் தொடரக் கூடாது.

பறவைகள், நிலத்தடி நீர், கழிவுநீர்க் கலப்பு ஆகியவை பற்றிய கூட்டமைப்பின் முந்தைய தீர்மானங்கள் மாற்றமின்றி நீடிக்கின்றன.

தற்போதைய பெருந்திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்த திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஏரியின் சர்வே எண்களையும், கலங்கலின் இருப்பிடத்தையும், கால்வாய் சென்ற பாதையையும் குறித்து எழுத்துமூலம் மனு அளிக்குமாறு கூட்டமைப்பு கேட்டுக்கொள்கிறது.